முன் சக்கரத்தில் இருப்பது எந்த பிரேக்?

வாசகர் கேள்வி பதில்: பழைய மோட்டார் சைக்கிள்

கேள்வி: ஐயா, நான் ஏற்காடு நாகலூரில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். சேலத்தில் ஒருவரிடமிருந்து பழைய புல்லட் 350 ஒன்றை வாங்கினேன். முன் பிரேக்கை மாற்றிப் பெரிதாக்கியிருப்பதாகவும், மலைப்பாதையில் பயமில்லாமல் இறங்கலாம் என்றும் விற்றவர் சொன்னார். ஒரு மெக்கானிக் இதைப் பழைய பிரேக்தான் என்கிறார்; இன்னொருவர் டபுள் பிரேக் என்கிறார். பாதி மலை இறங்குவதற்குள் பிரேக் லீவர் கைப்பிடியைத் தொடும் அளவுக்கு வந்துவிடுகிறது. மேட்டில் நிறுத்தினால், முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தாலும் வண்டி பின்னால் நழுவுகிறது. என்ன பிரேக் இது, இதை எப்படிப் பராமரிப்பது? (நாகலூர் வாசகர்)

பதில்: உங்கள் கேள்விக்கான விடையில் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. முன்னோக்கி ஓடும்போது பிடிக்கும் பிரேக், பின்னோக்கி நழுவும்போது பிடிக்காமல் விடுகிறதென்றால், அது பெரும்பாலும் ட்வின் லீடிங் ஷூ எனப்படும் இரட்டைக் கேம் ட்ரம் பிரேக்காகத்தான் இருக்கும். (சக்கரத்தோடு சுழலும் உருளைதான் ட்ரம்; அதன் உட்புறத்தில் அழுந்தி வண்டியை நிறுத்தும் துண்டுகள் ஷூ; ஷூவைத் திரும்பி விரிப்பது கேம்.) ஆனாலும் ஊகத்தோடு நின்றுவிடாமல் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். ஏனென்றால் ஷூ வாங்குவதும் கேபிள் வாங்குவதும் பிரேக்கைச் சரிசெய்யும் முறையும் அது எந்த பிரேக் என்பதைப் பொறுத்தே அமையும்.

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரத்தில் பிரேக் கேபிள் வந்து சேரும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ட்ரம்மை மூடியிருக்கும் பிரேக் பிளேட்டின் வெளிப்புறத்தில், கேபிள் இழுத்துக் கேமைத் திருப்பும் கை ஒன்றே ஒன்று மட்டும் இருந்தால் அது ஒற்றைக் கேம் பிரேக். இரண்டு கைகள் இருந்து, அவற்றை இருபுறமும் மரை போட்ட ஒரு கம்பி இணைத்திருந்தால் அது இரட்டைக் கேம் பிரேக். பழைய ஸ்டாண்டர்டு புல்லட்டில் 6 அங்குல ஒற்றைக் கேம் ட்ரம் இருந்தது. பின்னர் 7 அங்குல இரட்டைக் கேம் ட்ரம் வந்தது. சக்கரத்தைக் கழற்றியபின் ட்ரம்மின் உள்விட்டத்தை வெர்னியரால் அளந்தால், முதலாவது சுமார் 152 மில்லிமீட்டரும் இரண்டாவது சுமார் 178 மில்லிமீட்டரும் காட்டும். தேய்ந்த ட்ரம்மாக இருந்தால் சற்றுக் கூடுதலாகக் காட்டலாம். வெளியில் பளபளக்கும் பெரிய அலுமினிய ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுப்பகுதியைப் பார்த்து எந்த முடிவுக்கும் வந்துவிடாதீர்கள். அகலமான ஹப்புக்குள் சிறிய ட்ரம் இருப்பது அபூர்வமல்ல.

இந்த இரண்டு பிரேக்குக்கும் உள்ள வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் உங்கள் இரண்டு சிக்கல்களும் விளங்கிவிடும். ஒற்றைக் கேம் பிரேக்கில் பிறை வடிவமான இரண்டு ஷூக்கள் உண்டு. ஒரு முனையில் அவற்றை விரிக்கும் கேமும், மறுமுனையில் அவை ஊன்றி நிற்கும் அசையாத ஆணியும் இருக்கும். கேம் முனையிலிருந்து ஆணி முனையை நோக்கி ட்ரம் சுழலும் பக்கத்தில், ட்ரம்மின் உராய்வே ஷூவை மேலும் இழுத்துத் தன்மேல் அழுத்திக்கொள்கிறது. எதிர்ப்பக்கத்து ஷூவையோ அதே உராய்வு விலக்கித் தள்ளுகிறது. ஆகவே ஒற்றைக் கேம் பிரேக்கில் உழைப்பின் பெரும்பங்கு ஒரு ஷூவுக்கே போகிறது. இரட்டைக் கேம் பிரேக்கில் ஒவ்வொரு ஷூவுக்கும் தனிக் கேமும் தனி ஆணியும் கொடுத்து, முன்னோக்கி ஓடும்போது இரண்டு ஷூக்களும் ட்ரம்மோடு இழுபட்டு அழுந்தும்படி அமைத்திருக்கிறார்கள். கையில் கொடுக்கும் அதே அழுத்தத்துக்குக் கூடுதல் பிடிப்பு கிடைப்பது இதனால்தான். எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் 1989 வரை இங்கே தயாரித்த ராஜ்தூத் 350 வண்டியில், யமஹாவின் மூல வண்டியில் இருந்த முன் டிஸ்க்குக்குப் பதிலாகப் பொருத்தியதும் இத்தகைய 7 அங்குல இரட்டைக் கேம் ட்ரம்தான்.

ஆனால் சக்கரம் பின்னோக்கிச் சுழலும்போது இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகிவிடுகிறது. இரண்டு ஷூக்களையுமே ட்ரம் விலக்கித் தள்ளும். கொண்டை ஊசி வளைவில் எதிரே வரும் பேருந்துக்கு வழிவிட ஏற்றத்தில் நிற்கும்போது உங்கள் வண்டி நழுவுவது இதனால்தான். இது பழுதன்று, அமைப்பின் இயல்பு. பின் பிரேக் ஒற்றைக் கேம் என்பதால் எந்தத் திசையிலும் ஒரு ஷூ இழுபட்டு அழுந்தும். ஆகவே ஏற்றத்தில் நிற்கும்போதெல்லாம் பின் பிரேக்கை மிதித்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியில் பழைய முறைப்படி கியர் வலப்புறமும் பிரேக் இடப்புறமும் இருக்குமானால், இடக்கால் பிரேக்கில் இருக்க, வலக்காலைத் தரையில் ஊன்றப் பழகிக்கொள்ள வேண்டும்.

இறங்கும்போது லீவர் கைப்பிடி வரை வருவதோ அலட்சியப்படுத்தக் கூடாத பழுது. ட்ரம் சூடேறினால் அதன் விட்டம் விரிந்து ஷூவைவிட்டு விலகிப் போகும். அந்த இடைவெளியை நிரப்ப லீவர் கூடுதல் தூரம் வர வேண்டியிருக்கும். சிறிதளவு இப்படி ஆவது இயல்பு. கைப்பிடியைத் தொடுமளவுக்கு ஆகிறதென்றால், இரண்டு ஷூக்களில் ஒன்றுதான் வேலை செய்கிறது, அல்லது ஷூவின்மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் தேய்ந்துவிட்டது, அல்லது கேபிளின் வெளியுறை அமுங்குகிறது என்று பொருள். என் அனுபவத்தில் முதல் காரணமே மிக அதிகம். இணைப்புக் கம்பியின் நீளம் ஒரு மரைச் சுற்று மாறினாலும் ஒரு ஷூ முந்திக்கொள்ளும், மற்றது ட்ரம்மைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். எனக்கே ஒருமுறை ஒரு பட்டறையில் புதிய ஷூ போட்டுக் கொடுத்தார்கள். இணைப்புக் கம்பியை அவர்கள் தொடவே இல்லை. மலையின் பாதி வளைவுகளைக் கடப்பதற்குள் லீவர் முழுவதும் உள்ளே வந்துவிட்டது. ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட்டு, முதல் கியரிலேயே அடிவாரம் வந்து சேர்ந்தேன். மறுநாள் பிரித்துப் பார்த்தபோது ஒரு லைனிங் கருகியிருந்தது. மற்றதில் கடையில் அச்சடித்த எண் கூட அழியாமல் இருந்தது.

ஆகையால் இதைச் சரிசெய்யும் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். முதலில் இணைப்புக் கம்பியின் ஒரு முனையிலுள்ள ஆணியைக் கழற்றி, இரண்டு கைகளையும் தனித்தனியாக்குங்கள். சக்கரத்தை மெல்லச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு கையையும் விரலால் தள்ளி, எந்த இடத்தில் ஷூ ட்ரம்மை உரசத் தொடங்குகிறது என்று பாருங்கள். இரண்டு ஷூக்களும் ஒரே நேரத்தில் தொட்டு நிற்கும் நிலையில் வைத்துக்கொண்டு, கம்பியின் நீளத்தைக் கூட்டியோ குறைத்தோ, ஆணி வலுக்கட்டாயம் இல்லாமல் தானே துளையில் நுழையும்படி செய்து, பூட்டு நட்டை இறுக்குங்கள். ஆணி கழலாமல் தடுக்கும் ஸ்ப்ளிட் பின் ஒன்றையும் மறக்காமல் புதிதாகப் போடுங்கள். பிறகு அச்சு நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைச் சுழற்றி, பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடியே அச்சு நட்டை மீண்டும் இறுக்கினால், பிளேட் தானாகவே ட்ரம்மின் நடுவுக்கு வந்து அமரும். இதற்கு இன்னொருவரின் உதவி தேவைப்படும். கேபிளைச் சரிசெய்வது இவை அனைத்துக்கும் பிறகுதான். பிரேக்கை முழுதாகப் பிடித்த நிலையில் கேபிளுக்கும் பிரேக் பிளேட்டிலுள்ள கைக்கும் இடையிலுள்ள கோணம் ஏறக்குறைய செங்கோணமாக இருக்க வேண்டும். அதைத் தாண்டிப் போனால் உங்கள் கையின் பலம் வீணாகிறது, லைனிங்கும் தேய்ந்திருக்கிறது. அந்த நிலையில் பிளேட்டிலுள்ள கையைக் கழற்றி ஒரு பல் தள்ளிப் பொருத்தித் தேய்மானத்தை மறைக்கும் வழக்கம் பட்டறைகளில் இருக்கிறது. தயவுசெய்து அதற்கு இடம்கொடாதீர்கள். கேம் அளவுக்கு மீறித் திரும்பினால் பிரேக் பிடித்தபடியே சிக்கிக்கொள்ளக்கூடும்.

பிளேட்டைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதவோ காற்றுக் குழாயால் அடிக்கவோ வேண்டாம். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். லைனிங்கின் கனம் 2 மில்லிமீட்டரை நெருங்கினால் மாற்றிவிடுங்கள். கண்ணாடிபோல் பளபளப்பு ஏறியிருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். ஆனால் பேரிங் கிரீஸ் ஊறிய லைனிங்கைத் தேய்த்தும் கழுவியும் மீட்க முடியாது. கேமுக்கும் ஆணிக்கும் சூடு தாங்கும் கிரீஸை மிகச் சிறிதளவே தடவ வேண்டும். ட்ரம்மை லேத்தில் கடைந்திருந்தால், லைனிங்கின் வளைவும் அந்தப் புதிய விட்டத்துக்கு ஏற்ப அரைக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் லைனிங்கின் நடுப்பகுதி மட்டுமே ட்ரம்மில் படும். லைனிங் ஒட்டித் தருபவரிடம் ட்ரம்மையும் சேர்த்தே கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றைப் பார்த்தே ஆக வேண்டும். பிரேக் பிடிக்கும்போது பிளேட்டும் சக்கரத்தோடு சேர்ந்து சுழலப் பார்க்கும். அதைத் தடுப்பது முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் அமைந்த ஊன்றுகோல் அல்லது பள்ளம். வேறு வண்டியின் ஹப்பைப் பொருத்தியவர்கள் இந்த ஊன்றுதலை ஒரு பட்டைத் துண்டாலோ சிறிய போல்ட்டாலோ ஒப்பேற்றியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அது அறுந்தால் கேபிள் சுற்றிக்கொண்டு முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும். உங்கள் வண்டியில் அந்த இடம் தொழிற்சாலையில் அமைந்தபடி உறுதியாக இல்லையென்றால், அதைச் சீர்செய்யும்வரை வண்டியை மலைக்கு எடுத்துச் செல்ல வேண்டாம்.

இவ்வளவும் செய்தாலும் இறக்கத்தின் முழுச் சுமையையும் பிரேக்கின்மேல் வைக்கக் கூடாது என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். வண்டியும் இரண்டு பேரும் சேர்ந்து 300 கிலோ என்று கொள்ளுங்கள். ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை சுமார் 1,100 மீட்டர் உயரம் இறங்குகிறீர்கள். அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 லட்சம் ஜூல். அதாவது, 11 லிட்டர் தண்ணீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகும் வெப்பம். இதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் ஏற்றுக்கொள்ளும். மீதியை இன்ஜின் ஏற்காவிட்டால் இரண்டு ட்ரம்களும்தான் ஏற்க வேண்டும். ஆகவே சேலம் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் சரி, குப்பனூர் வழியிலும் சரி, ஏறுவதற்குப் போடும் கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கைத் தொடர்ந்து உரசிக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, உடனே விட்டுவிடுங்கள். விடும் நேரமெல்லாம் ட்ரம் ஆறும் நேரம். மழைக்காலத்தில் ட்ரம்முக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் மட்டும், சமதளத்தில் சற்று தூரம் லேசாக உரசவிட்டு உலர்த்திக்கொண்டு பிறகு இறங்கத் தொடங்குங்கள்.

கேள்வி: என் தந்தை வைத்திருந்த யமஹா ஆர்.எக்ஸ். 100-க்கு முந்தைய மெக்கானிக் டிஸ்க் பிரேக் பொருத்தியிருக்கிறார். லீவர் கல்லைப்போல் கெட்டியாக இருக்கிறது. ஆனால் வண்டி எதிர்பார்த்தபடி நிற்கவில்லை. எந்த வண்டியின் பாகங்கள் என்று தெரியாததால் கடையில் பேட் கேட்டு வாங்க முடியவில்லை. (அம்மாபேட்டை வாசகர்)

பதில்: 1985 முதல் 1996 வரை விற்பனையான ஆர்.எக்ஸ். 100 முன்னும் பின்னும் ட்ரம் பிரேக்கோடு வந்த வண்டி. ஆகவே உங்கள் வண்டியிலுள்ள டிஸ்க், அதைப் பேட்டுகளால் கவ்விப் பிடிக்கும் காலிப்பர், லீவரை அழுத்தும்போது காலிப்பருக்குப் பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் மூன்றுமே வெளியிலிருந்து வந்தவை, அவை மூன்றும் ஒரே வண்டியிலிருந்து வந்தவை என்பதற்கும் உறுதியில்லை. வண்டியின் பெயரைச் சொல்லிக் கடையில் கேட்பதை விட்டுவிட்டு, பாகங்களில் பொறித்திருப்பதைப் படியுங்கள். காலிப்பரின் வார்ப்பில் தயாரிப்பாளர் பெயர் இருக்கும். மாஸ்டர் சிலிண்டரின் உடலில் அதன் உள்விட்டம் மில்லிமீட்டரிலோ அங்குலப் பின்னத்திலோ பொறித்திருக்கும். டிஸ்க்கின் ஓரத்தில் அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்ச கனம் அடித்திருக்கும். பேட் வாங்கச் செல்லும்போது பழைய பேட்டைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய், பின்தகட்டின் வடிவத்தையும் ஆணித் துளைகளையும் ஒப்பிட்டு வாங்குவதே பிழையில்லாத வழி.

கல்லைப்போன்ற லீவரை நல்ல பிரேக்கின் அடையாளம் என்று பலர் நம்புகிறார்கள். உங்கள் வண்டியில் அது நேர்மாறான அடையாளமாக இருக்கலாம். மாஸ்டர் சிலிண்டரின் குறுக்குப் பரப்புக்கும் காலிப்பர் பிஸ்டன்களின் பரப்புக்கும் உள்ள விகிதமே உங்கள் கைப்பலத்தைப் பெருக்கித் தருகிறது. ஓர் உதாரணம்: காலிப்பரில் 27 மில்லிமீட்டர் பிஸ்டன் இரண்டு இருந்து, மாஸ்டர் சிலிண்டர் 12.7 மில்லிமீட்டராக இருந்தால், விகிதம் ஏறக்குறைய 9. அதே காலிப்பருக்கு 16 மில்லிமீட்டர் மாஸ்டர் சிலிண்டரைப் போட்டால் விகிதம் 5.7 ஆகக் குறைந்துவிடும். லீவர் குறைந்த தூரமே நகரும், கைக்குக் கெட்டியாகவும் தெரியும். ஆனால் அதே பிடிப்பைப் பெற ஒன்றரை மடங்குக்கும் மேலான பலத்தைக் கொடுக்க வேண்டியிருக்கும். காலிப்பர் எந்த வண்டியுடையதோ அந்த வண்டியின் மாஸ்டர் சிலிண்டரையே பொருத்துங்கள். புதிய பேட்டுக்குச் செலவழிப்பதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். இது சரியாக இருந்தும் பிடிப்பு இல்லையென்றால், பேட்டில் எண்ணெய் பட்டிருக்கிறதா, காலிப்பர் நகரும் ஆணிகள் துருப்பிடித்துச் சிக்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த ஆணிகளுக்கு சிலிக்கோன் கிரீஸ்தான் ஏற்றது. தேய்ந்த பேட்டை மாற்றும்போது, வெளியே நீண்டிருக்கும் பிஸ்டனைத் துடைத்துச் சுத்தம் செய்த பிறகே உள்ளே தள்ள வேண்டும். அழுக்கோடு தள்ளினால் சீல் கிழிந்து எண்ணெய் கசியும்.

பிரேக் எண்ணெயை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுங்கள், வண்டி அதிகம் ஓடாவிட்டாலும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மையுடையது. டாட் என்பது பிரேக் எண்ணெயின் தரக் குறியீடு. டாட் 4 எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 பாகைக்கு இறங்கிவிடுகிறது. டாட் 3-க்கு இவை 205-ம் 140-ம். எண்ணெய் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகி, லீவர் திடீரென்று பிடிப்பே இல்லாமல் உள்ளே வந்துவிடும். மலை இறக்கத்தில் அப்படி நேர்ந்தால் என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை. சிலிக்கோனால் ஆன டாட் 5 எண்ணெயை இவற்றோடு கலக்கவே கூடாது. இன்ஜின் ஆயில் ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். பிரேக் எண்ணெய் பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

கடைசியாக, காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டைப் பாருங்கள். டிஸ்க்கோடு வந்த முழு ஃபோர்க்கையும் மாற்றியிருந்தால் கவலை குறைவு. பழைய ட்ரம் ஃபோர்க்கின் அலுமினியக் காலில் பிராக்கெட்டை வெல்டு வைத்து ஒட்டியிருந்தால், எவ்வளவு நேர்த்தியாகத் தெரிந்தாலும் அதை நான் ஏற்க மாட்டேன். பிரேக்கின் முழு விசையும் அந்த ஒட்டின்மேல்தான் இறங்குகிறது. மேலும், பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கூறுகிறது. உங்கள் வண்டியின் மாற்றம் அதற்குள் வருமா என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி தூக்கி எறிந்துவிடும், பின் பிரேக்கை மட்டும் மிதி என்று என் பெரியப்பா சொல்லிக்கொடுத்தார். அவருடைய பழைய வண்டியில்தான் ஓட்டப் பழகுகிறேன். இது சரியா? (கோரிமேடு கல்லூரி மாணவி)

பதில்: பெரியப்பாவின் அக்கறை நியாயமானது, அவர் கண்ட விபத்துகளே அவரை அப்படிச் சொல்ல வைத்திருக்கும். ஆனால் வேகம் குறையும்போது வண்டியின் எடை முன் சக்கரத்தின்மேல் சாய்கிறது, பின் சக்கரத்தின் பாரம் குறைகிறது. ஆகவே பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் நிற்கும் தூரம் மிக நீளும், இறக்கத்தில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கவும் கூடும். தூக்கி எறிவதற்குக் காரணம் முன் பிரேக்கை வெடுக்கென்று இழுப்பதும், வண்டி சாய்ந்திருக்கும்போதோ மணல் கிடக்கும் வளைவிலோ பிடிப்பதும்தான். வண்டி நேராக நிற்கும்போது இரண்டு விரலால் தொடங்கி, எடை முன்னால் சாய்வதை உணர்ந்தபின் படிப்படியாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். கூடவே பின் பிரேக்கையும் அளவாக மிதியுங்கள். ஆளில்லாத மைதானத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் இதைப் பலமுறை பழகி, கைக்குப் பிடிபட்ட பிறகு மலைச் சாலைக்குச் செல்லுங்கள். முதல் முறை செல்லும்போது பெரியப்பாவையும் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போக வேண்டாம். இரண்டு பேரின் எடையில் பிரேக் வேறு விதமாகப் பதில் சொல்லும், அதைத் தனியே பழக வேண்டும்.